பி1 ரிசல்ட் வந்தாச்சு: நீளமான சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

கோத்தே நிறுவனத்தின் ஜெர்மன் மொழித் தேர்வான பி1-இன் ரிசல்ட் வந்துவிட்டது. தேர்வின் நான்கு பகுதிகளிலும் (மாட்யூல்) 60 மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டேன். இப்போதுதான் நிம்மதி. தேர்வு எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் எனக்குக் கைகொடுத்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்: கூட்டுச்சொற்கள்.

ஜெர்மன் கூட்டுச்சொல்லில் கடைசித் துண்டுதான் எல்லாம். பொருளின் மையமும் அங்கேதான், பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டி அதன் முன் வரும் ஆர்ட்டிக்கிள் டெர்-ஆ, டி-யா, டாஸ்-ஆ என்பது முடிவாவதும் அங்கேதான். லேஸன் எனும் வாசிப்புப் பகுதியில் 'ஆர்பைட்ஸ்உன்ஃபேயிஷ்கைட்ஸ்பெஷைனிகுங்' என்று வந்தால் மிரளாமல் வாலைப் பிடியுங்கள். பெஷைனிகுங் என்றால் சான்றிதழ், எனவே 'டி'. அதற்கு முன் உன்ஃபேயிஷ்கைட், இயலாமை. அதற்கும் முன் ஆர்பைட், வேலை. உடம்பு சரியில்லாதபோது டாக்டர் எழுதித் தரும் சான்றிதழ், அவ்வளவுதான். இடையில் வரும் 'ஸ்' வெறும் ஒட்டு. உங், ஹைட், கைட் என முடியும் துண்டுகளுக்குப் பின் அது வந்துவிடும், எங்கே வெட்டுவது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

சரி, வெட்டினாலும் பொருள் பிடிபடாத சொற்கள்? அங்கேதான் சொற்பிறப்பு உதவியது. மரத்துக்கு மரம் கட்டும் தொங்குபடுக்கை ஹெங்கெமட்டெ. கரீபியத் தீவுகளின் டைனோ மொழியில் அது 'ஹமாக்கா'. ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து, டச்சுக்காரர் வாயில் 'ஹங்மட்' ஆகி, ஜெர்மனில் 'தொங்கும் பாய்' ஆகிவிட்டது. மூலச் சொல்லில் தொங்கலும் கிடையாது, பாயும் கிடையாது. ஆனாலும் இன்று வாலில் மட்டெ இருப்பதால் 'டி'. கல்லறைத் தோட்டமான ஃப்ரீட்ஹோஃப் பழைய ஜெர்மனில் வேலி போட்ட முற்றம். அமைதியைக் குறிக்கும் ஃப்ரீடன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஹோஃப் 'டெர்', ஆகவே இதுவும் 'டெர்'. கதை தெரிந்த சொல்லின் ஆர்ட்டிக்கிள் எனக்கு மறக்கவே இல்லை.

கவனிக்க வேண்டியவை:

- டி ஆர்மூட் (வறுமை). தைரியத்தைக் குறிக்கும் மூட் 'டெர்'தான். ஆனால் ஆர்மூட் கூட்டுச்சொல்லே இல்லை. ஏழை எனும் 'ஆர்ம்' மேல் ஒரு பழைய விகுதி சேர்ந்தது.
- டெர் மிட்வோஹ் (புதன்). வாரத்தைக் குறிக்கும் வோஹெ 'டி'. மற்ற கிழமைகள் 'டாக்' என முடிந்து 'டெர்' ஆவதால் புதனும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.
- ஆப்பில் சொல் மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. நோட்டில் எழுதி, கடைசித் துண்டுக்கு முன் ஒரு கோடு போடுங்கள்.

தினம் ஒரு ஜெர்மன் மருந்துத் தாளையோ ரயில் அறிவிப்பையோ எடுத்து வெட்டிப் பழகுங்கள். மாதிரித் தாள்களுக்கு அப்புறம் போகலாம்.