5,202-இல் ஒன்று

பிப்ரவரி 4, கோத்தகிரி

தம்பியின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது முன்பே தெரியும். பொழுது சாய்ந்தால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்பதுகூட அவனுக்குத் தெரியாது. பாட்டி இன்னமும் மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரை வதக்குகிறார். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண் வேறு. இது விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பார்க்கும் குச்சி செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது. கீரை நல்லதுதானே, சாப்பிடட்டும்.

யுஎஸ்ஹெச்2ஏ என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்களாம். ஒன்று அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடும். 'நோய் உண்டாக்குவது' என்று போட்டிருக்கிறார்கள். மற்றதில், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஓர் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின். அதற்கு எதிரே 'முக்கியத்துவம் தெளிவில்லை'.

பிப்ரவரி 6

அந்தப் புரதத்தில் 5,202 அமினோ அமிலங்கள். ஒன்று மாறினால் குடி முழுகிவிடுமா? குச்சி செல்களில் ஒளியை உணரும் ரோடாப்சின் என்ற புரதத்தின் விஷயத்தில் முழுகுகிறது. அதிலுள்ள 348-இல் 23-ஆவது புரோலின் ஹிஸ்டிடினாக மாறினால் இதே நோய் வரும் என்று 1990-இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். புரதம் சரியாக மடிவதில்லை, செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, நாளடைவில் செல் சாகிறது. அங்கே அப்பா, அம்மா கொடுக்கும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். எங்கள் மரபணுவில் இரண்டும் கெட வேண்டும். ஆனால் எத்தனையோ மாற்றங்கள் ஒன்றுமே செய்வதில்லை, சிக்கலே அதுதான்.

பிப்ரவரி 11, கோவை

அப்பா, அம்மா இருவரின் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு மாற்றமும் ஒருவரிடமிருந்தே வந்திருந்தால், மற்றவர் கொடுத்த பிரதி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

"என் பக்கம்னு வந்துட்டா உங்க அத்தை என்ன பேசுவா தெரியுமா?" என்று அம்மா மேட்டுப்பாளையம் வரை புலம்பினாள். அப்பா வாயே திறக்கவில்லை.

மார்ச் 19

ஆளுக்கொன்று. பாதியில் நிற்பது அப்பா கொடுத்தது, ஹிஸ்டிடின் அம்மா கொடுத்தது. இருவருக்கும் பார்வையில் குறையே இல்லை. மற்ற ஆதாரங்களோடு இதையும் சேர்த்து, தெளிவில்லாததை 'நோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்று மாற்றியிருக்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவில் அனுமதித்த மரபணு மருந்து ஆர்பிஇ65 என்ற வேறொரு மரபணுவுக்கு மட்டும், தம்பிக்கு உதவாது. இதே மரபணு காதையும் கெடுக்கக்கூடும் என்பதால் காதுப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அவனுக்கு நன்றாகவே கேட்கிறது.

மார்ச் 22

அத்தை தன் மகளை அவனுக்குக் கொடுக்கும் பேச்சை மறுபடி எடுத்திருக்கிறார். அப்பாவிடம் இருப்பது அவளிடமும் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி. முதலில் அவள் ரத்தம் கொடுக்கட்டும் என்றேன். அதை அத்தையிடம் யார் சொல்வது என்று வீட்டில் சண்டை.