கிராஜுட்டிக்கு 2011, ஹைக்குக்கு மட்டும் போன டிசம்பரா?

"தம்பி, கிராஜுட்டிக்கு நான் 2011ல சேர்ந்தவன், ஹைக்குக்கு மட்டும் போன டிசம்பர்ல சேர்ந்தவனா?" வேற கம்பெனியில இருந்து எங்க கம்பெனிக்கு மாறி வந்த அக்கவுன்ட்ஸ் சூப்பர்வைசர் ஒருத்தர் ஹெச்ஆர்ல இருக்குற என்கிட்ட கேட்டது இது. கிராஜுட்டின்னா வேலைய விட்டு போகும்போது சர்வீஸ் வருஷத்த வச்சு குடுக்குற தொகை, ஹைக்னா வருஷா வருஷம் போடுற சம்பள உயர்வு. அவர் சத்தம் போட்டு கேட்டிருந்தா எப்பவோ மறந்திருப்பேன். ஸ்கிரீன்ல ரெண்டு ஜாயினிங் டேட்டும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணு இருந்துச்சு, பேனா மூடியால ரெண்டையும் தொட்டுக் காட்டி நிதானமா கேட்டார்.

அக்டோபருக்கு அப்புறம் வந்தவங்களுக்கு ஏப்ரல் ஹைக் கிடையாது, இது எங்க பாலிசி. அவரோட பழைய கம்பெனியில ஜனவரி தான் ஹைக் மாசம், டிசம்பர்ல மொத்த டிபார்ட்மென்டையும் எங்ககிட்ட மாத்திட்டாங்க, அங்கயும் இல்ல இங்கயும் இல்லன்னு ஆயிடுச்சு. நான் "சார், கிராஜுட்டி வேற, ஹைக் வேற, அது உங்க சர்வீஸுக்கு, இது மேனேஜ்மென்ட் முடிவு"ன்னு சொன்னேன். ஹெச்ஆர்ல யார் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க.

சட்டப்படி பார்த்தாலும் தப்பு இல்ல. அப்போ நடைமுறையில இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்துல 25எஃப்எஃப் பிரிவு என்ன சொல்லுச்சுன்னா, நிறுவனம் கைமாறும்போது சர்வீஸ் முறியக்கூடாது, நிபந்தனைகள் முன்னாடி இருந்தத விட குறையக்கூடாது, இல்லன்னா நஷ்டஈடு. அவர் சம்பளத்துல ஒரு ரூபா குறைக்கல. அதுவும் போக அவர் சூப்பர்வைசர், 10,000 ரூபாய்க்கு மேல வாங்குற சூப்பர்வைசர் அந்த சட்டத்துல தொழிலாளியே கிடையாது. அவரோட பழைய சர்வீஸ் முறியாம தொடர்ந்தது ரெண்டு கம்பெனியும் ஒப்பந்தத்துல எழுதிக்கிட்டதால தான்.

அங்க தான் எனக்கு இடிக்குது. சர்வீஸ எழுத முடிஞ்சவங்களுக்கு ஹைக் தேதிய ஒரு வரி எழுத முடியாதா? ப்ரோ ரேட்டாவா, அதாவது மாசக் கணக்கு போட்டு, மூணு மாசத்துக்காவது குடுக்கலாமேன்னு மேல கேட்டேன், ஒரு தடவ குடுத்தா அடுத்த டீலுக்கும் கேப்பாங்கன்னு முடிச்சிட்டாங்க.

ஆனா எங்க கம்பெனியில முன்னாடியே இருக்குற பொண்ணு ஒருத்தி அவருக்கு பக்கத்து சீட்ல அதே வேலை தான் பாக்குறா, நல்லா பாக்குறா, அவருக்கு வர்றதுல பாதிக்கு கொஞ்சம் மேல தான் அவளுக்கு. பட்ஜெட் ஒண்ணு தான், அவருக்கும் அதே பர்சன்ட் போட்டா அவளுக்கும் அவருக்கும் இருக்குற இடைவெளி இன்னும் பெருசாகும். அவ வந்து கேட்டா நான் என்ன சொல்றது? அதனால அன்னைக்கு நான் சொன்னது சரின்னு தான் பல நாள் நெனச்சேன்.

அப்புறம் வேற ஒருத்தரோட செட்டில்மென்ட் போடும்போது தான் உறைச்சது. கிராஜுட்டி அப்போ எப்படி போட்டோம், கடைசியா வாங்குன பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி), அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, மொத்த வருஷத்தால பெருக்கினோம். அப்போ விட்டுப்போன ஒரு ஹைக் அந்த ஒரு வருஷத்தோட போறதில்ல, 2011ல இருந்து அவர் உழைச்ச ஒவ்வொரு வருஷத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கழியுது. பிஎஃப்ல பழைய வருஷத்துக்கு பாதிப்பு இல்ல, ஆனா அதுக்கப்புறம் மாசாமாசம் கட்டுறது குறையலாம். அடுத்த ஏப்ரல்ல அவருக்கு ஹைக் வந்துச்சு, அதுவும் அந்த பழைய பேசிக் மேல தான் ஏறுச்சு.

ரெண்டும் வேற வேறன்னு சொன்னேனே, வேற இல்லையே. அவருக்கு அது அப்பவே தெரியும்னு நெனக்கிறேன், அக்கவுன்ட்ஸ்ல இத்தனை வருஷம் இருந்தவர். இப்பவும் அந்த பொண்ணோட பேஸ்லிப்ப பார்த்தா பாலிசி நியாயம்னு தோணுது, அவரோடத பார்த்தா இல்லன்னு தோணுது.