சர்வோவுக்கு ஒரு கவசம்: கிராலர் நாட்குறிப்பு

மார்ச் 2, 2025, ஞாயிறு

இன்று என் கிராலரின், அதாவது பாறைகளில் ஊர்ந்து ஏறும் ரிமோட் காரின், முன் இடது சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த வெடிப்பில் சிக்கிக்கொண்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரான சர்வோ உறுமியது, அதன் தண்டும் திரும்பியது. சக்கரம் மட்டும் அசையவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 25 கிலோ சர்வோவின் வலுவையெல்லாம், அதன் தண்டில் மாட்டியிருக்கும் சர்வோ சேவர் என்ற கையின் ஸ்பிரிங் விழுங்கிக்கொண்டிருக்கிறது.

சேவர் கெட்ட பாகமல்ல. வேகமாக ஓடும் காரின் சக்கரம் எதிலாவது மோதினால், அந்த அடி, சக்கரத்தைச் சர்வோவோடு இணைக்கும் லிங்க் கம்பி வழியாகச் சர்வோவின் கியர் பற்களுக்குப் போவதற்குள் ஸ்பிரிங் வளைந்து கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஆனால் கிராலர் நம் நடையைவிட மெதுவாக ஊர்கிற வண்டி. கல்லிடுக்கில் நிற்கும் சக்கரத்தைத் திருப்ப முழு வலுவும் வேண்டும். அங்கே வளைந்து கொடுக்கிற எதுவும் தடைதான். சேவருக்குப் பதில், ஸ்பிரிங் இல்லாத அலுமினியக் கையான ஹார்ன் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

சர்வோவைக் கழற்றினேன். அது உட்காரும் பிளாஸ்டிக் தாங்கியில் ஸ்க்ரூ துளையை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். அழுத்தம் கூடும்போதெல்லாம் சர்வோவே முறுக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. அப்படியானால் வலுவைத் தின்றது சேவர் மட்டுமல்ல. ஸ்க்ரூ மாட்டும் சர்வோவின் காதுகள் நல்லவேளையாக உடையவில்லை.

தண்டின் பற்களை எண்ணினேன்: 25. ஹார்ன் வாங்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். 23, 24, 25 என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன, கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பல் மாறிய ஹார்னை அழுத்தித் திணித்தால் தண்டின் பற்கள் மழுங்கிவிடும்.

மார்ச் 8, சனி

பாகங்கள் வந்துவிட்டன. பக்கவாட்டு போல்ட்டை இறுக்கித் தண்டைக் கவ்விப்பிடிக்கும் வகை அலுமினிய ஹார்ன், பித்தளைத் தாங்கி. அலுமினியத்தைவிடப் பித்தளை ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அந்தக் கனம் முன் ஆக்சிலில் தாழ்வாக உட்கார்ந்தால் செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு எளிதில் தூக்காது.

மாட்டும்போது அவசரப்படவில்லை. முதலில் ரிமோட்டையும் வண்டியையும் ஆன் செய்து, நடுநிலையைத் திருத்தும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ தானாக நடுவுக்கு வந்து நின்ற பிறகே ஹார்னைச் சொருகினேன். லிங்க்குக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பல்லுக்குப் பல் பொருத்தும்போது ஒரு மயிரளவு சாய்வு வரத்தான் செய்யும், அதை ரிமோட்டில் நடுநிலையை நுணுக்கமாகத் திருத்தும் சப்-டிரிம்மில் சரிசெய்துகொள்ளலாம். தண்டின் நடு ஸ்க்ரூவின் நீளத்தையும் சோதித்தேன். நீளம் கூடினால் ஸ்க்ரூ துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகிவிட்டது போலத் தோன்றும், ஹார்னோ ஆட்டம் கொடுக்கும். உலோகத்தோடு உலோகம் சேரும் மரைகளில் மட்டும் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல திரெட்லாக்கர் பசை ஒரு துளி. பிளாஸ்டிக்கில் அது படக்கூடாது, சில வகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்துவிடும்.

ஹார்னில் மூன்று துளைகள். 25 கிலோ என்பது தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தூரத்துக்கான கணக்கு. 25 மி.மீ. துளையில் லிங்க்கைத் தள்ளும் வலு 10 கிலோ, 20 மி.மீ. துளையில் 12.5, 15 மி.மீ. துளையில் கிட்டத்தட்ட 16.7. உள்துளைதான் ஆசையைத் தூண்டியது. மாட்டிப் பார்த்தால் சக்கரம் முழு ஒடிப்புக்குப் போகவில்லை. நடுத்துளையில் போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அதே வெடிப்பு, அதே சக்கரம். ஸ்டியரிங்கை ஒடித்ததும் சக்கரம் கல்லை நெம்பிக்கொண்டு திரும்பியது. அந்த நொடிக்காகத்தான் இத்தனை வேலையும்!

ஆனால் இரண்டு முறை, முழு ஒடிப்பில் சக்கரம் சிக்கியபோது, வண்டி மொத்தமாக அணைந்து மறுபடி உயிர் பெற்றது. யோசித்ததில் காரணம் பிடிபட்டது. முன்பு ஸ்பிரிங் வளைந்து கொடுத்ததால் சர்வோ தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது அது நிஜமாகவே முட்டி நிற்கிறது. முட்டி நிற்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். ஸ்பீடு கன்ட்ரோலருக்குள்ளேயே இருந்து சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் பெக் (BEC), 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் மட்டும் தரக்கூடியது. வோல்ட் சரிந்ததும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்துவிடுகிறது. சர்வோவுக்கென்று தனி பெக் வேண்டும்.

மாலையில் பெரிய அடி. முழங்கால் உயரப் பாறையின் விளிம்பிலிருந்து வண்டி சரிந்து, ஒடிந்த நிலையில் இருந்த முன் சக்கரத்தின் மேலேயே விழுந்தது. எடுத்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன், உள்ளே நறநறவென்று சத்தம். மனம் விட்டுப்போய்விட்டது.

மார்ச் 12, புதன்

சர்வோவைப் பிரித்தேன். கடைசிக்கு முந்தைய கியரில் இரண்டு பற்கள் காணவில்லை. கிரீஸுக்குள் கிடந்த துண்டுகளைத் துடைத்தெடுத்து, புதிய கியர் செட் போட்டு, புது கிரீஸ் வைத்து மூடினேன்.

சக்கரம், அதைத் தாங்கித் திரும்பும் நக்கிள், லிங்க், ஹார்ன், தண்டு, கியர். அடி பயணிக்கும் வழி இது. இவ்வளவு நாள் நடுவில் ஒரு ஸ்பிரிங் காவல் நின்றது, அதை எடுத்துவிட்டேன். இனி எல்லாவற்றையும் உலோகமாக்கினால் அடி எங்கே போகும்? மறுபடி கியருக்குத்தான். உடைய வேண்டியது எது என்பதை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். லிங்க் முனையில் பந்தைக் கவ்வும் பிளாஸ்டிக் மூட்டான ராட் எண்ட்டையும் உலோகமாக மாற்றலாம் என்றிருந்தேன், அது வேண்டாம். அது பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். பிய்த்துக்கொண்டால் பாறை மேலேயே மாற்றிவிடலாம், கியரை அப்படி மாற்ற முடியாது.

இன்னொன்றும் சரிசெய்தேன். நக்கிள் தன் எல்லையில் முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருந்தது, முழு ஒடிப்பில் கேட்ட ரீங்காரம் அதுதான். ரிமோட்டில், சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லையான எண்ட் பாயிண்ட்டை இருபக்கமும் தனித்தனியாகக் குறைத்தேன், ரீங்காரம் நிற்கும்வரை. தனி பெக்கும் மாட்டியாகிவிட்டது.

மார்ச் 15, சனி

இன்று முழுக்கக் கவசத் தகட்டு வேலை. என் வண்டியில் சர்வோ முன் ஆக்சிலின் மேலேயே படுத்திருக்கிறது, ஹார்ன் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் வரும் கல் அதைத்தான் தேடி வரும்.

அட்டையில் அச்சு வெட்டி, 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் வரைந்து அறுத்தேன். முதல் தகடு நேராகக் கீழே தொங்கியது. வண்டியைக் கல்லின் மேல் தள்ளிப் பார்த்தபோது, மண்வெட்டி போலக் கல்லில் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. தகடு கல்லைத் தடுக்கக் கூடாது, வண்டியைக் கல்லின் மேல் வழுக்கி ஏற்றிவிட வேண்டும். கீழ்விளிம்பைப் பின்னோக்கிச் சாய்த்து வளைத்தேன், அரம் போட்டுப் பிசிறெல்லாம் எடுத்தேன். பிறகு அதிர்வு தாங்கும் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைக் கையால் மேலே முட்டும்வரை தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பினேன். ஒரு பக்கம் லிங்க்கின் போல்ட் தலை தகட்டை உரசியது. அந்த இடத்தில் பிறைபோல வெட்டிவிட்டேன்.

மார்ச் 22, சனி

மூன்று பேட்டரி தீரும்வரை ஓட்டினேன். வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. மதியம் போன முறை சரிந்த அதே விளிம்பு, அதே மாதிரி விழுதல். ஸ்டியரிங் செத்துப்போயிருந்தது. பயந்துகொண்டே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ராட் எண்ட் பந்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருந்தது, வேறொன்றும் இல்லை. பையிலிருந்த உதிரியை மாட்டி, ரிமோட்டைத் திருப்பினேன். கியரில் சத்தமே இல்லை, வழுவழுவென்று திரும்பியது.

வீட்டுக்கு வந்து தகட்டைத் துடைத்தேன். கீழ் வளைவில் எட்டு ஆழமான கீறல்கள், எல்லாம் முன்னிருந்து பின்னோக்கி. அதற்குப் பின்னால் இருந்த ஹார்னில் ஒரு கோடுகூட விழவில்லை. அடுத்த வாரத்துக்கு உதிரி ராட் எண்ட் இன்னும் இரண்டு எடுத்து வைக்க வேண்டும்.