பால் திருத்தமும் பள்ளிக்கூட அனுமதியும்: திருகோணமலையில் நாங்கள் பட்ட பாடு

மகளிர் பாடசாலையில் சாதாரண தரம் முடித்த எங்கள் வீட்டுத் திருநம்பிப் பிள்ளைக்கு (பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழும் பிள்ளை), உயர்தரத்தில் ஆணாகவே அனுமதி எடுத்தாயிற்று. கிளினிக் பக்கம் சிக்கல் வரவில்லை. வயது 16 தாண்டியிருந்தது. பிறப்புப் பதிவில் பாலைத் திருத்தக் காட்ட வேண்டிய பாலின அங்கீகாரச் சான்றிதழில் மனநல வைத்திய நிபுணர் ஒப்பமிட்டுத் தந்தார். இழுபறி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிறப்புப் பதிவுப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் சான்றிதழை வாசிக்கவே இல்லை. வழமையான பெயர் மாற்றம் என்று நினைத்து அந்தப் படிவத்தை நீட்டிவிட்டார். கடைசியில் வந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஆண் பெயர், பால் என்ற கூட்டில் ‘பெண்’! அதைக் கொண்டுபோய் எங்கே காட்டுவது? பெயர், பால் இரண்டையும் ஒன்றாகவே கேளுங்கள். இந்தச் சான்றிதழையும் திருத்தத்தையும் பற்றிய சுகாதார அமைச்சின் 01-34/2016, பதிவாளர் நாயகத்தின் 06/2016 சுற்றுநிருபங்களின் பிரதி கையில் இருக்கட்டும். அவற்றை மேசையில் வைத்த பிறகுதான் மேலதிகாரி எழும்பி வந்தார்.

பால் திருத்தம் முடியாமல் அடையாள அட்டைக்குப் போவது வீண் அலைச்சல். அந்த இலக்கத்துக்குள்ளேயே பால் இருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும் (பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள்); பெண் என்றால் 500 கூட்டுவார்கள். மார்ச் 10 இல் பிறந்த ஆணுக்கு 070, பெண்ணுக்கு 570. பெயரை மட்டும் மாற்றினால் கூட்டிய அந்த 500 பிள்ளையைக் காலம் முழுக்கக் காட்டிக்கொடுக்கும். அடையாள அட்டை விண்ணப்பத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடம் சனம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதைப் பிள்ளை தாங்காது.

இங்கே பேர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகள் பல ஆண், பெண் தனித்தனி. ஓர் ஆண்கள் பாடசாலை அதிபர் விடுகைப் பத்திரத்தைப் பார்த்தார். “அம்மா, இது பொம்பிளைப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடமெல்லோ? கல்வி அமைச்சின்ர சுற்றுநிருபம் இருந்தாக் கொண்டுவாங்கோ.” அவ்வளவுதான். கலவன் பாடசாலை ஒன்று ஏற்றுக்கொண்டது. உயர்தரத்துக்கு எத்தனையோ பேர் பாடசாலை மாறுவதால் ஏன் வந்தாய் என்று எவரும் துருவுவதில்லை. பாடசாலை மாறுவதென்றால் அந்த நேரத்தில் மாறுங்கள்.

அடுத்தது கழிப்பறை. பிள்ளை எந்தக் கழிப்பறைக்குப் போகும் என்று பெண்பிள்ளைகளின் தாய்மாரும் கேட்டார்கள், ஆண்பிள்ளைகளின் பெற்றோரும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பிழையில்லை. பதில் சொல்லத்தான் வேண்டும். பாடசாலை, ஆசிரியர் பக்கத்தில் ஒரு தனிக் கழிப்பறையை ஒதுக்கியது. ஆனால் திறப்பு அலுவலகத்தில். ஒவ்வொரு தடவையும் எல்லார் முன்னாலும் கேட்டு வாங்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற வெயிலிலும் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே வீடு திரும்பியது. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமித்தொற்று வரும் என்று அதிபரிடம் நேரே சொன்னோம். இப்போது திறப்பு இல்லை. உள்ளே தாழ்ப்பாள், எந்தப் பிள்ளையும் போகலாம். மாதவிடாய் நாட்களில் பெண்பிள்ளைகளும் அதைத்தான் தேடி வருகிறார்கள். முதல் நாளே இதைக் கேளுங்கள், விசேஷ சலுகையாக இல்லாமல் எல்லாருக்குமான அறையாக.

சாதாரண தரப் பெறுபேற்றில் பழைய பெயர் இன்னும் கிடக்கிறது. அது பரீட்சைத் திணைக்களத்து வேலை. உயர்தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பமுன் திருத்திய பெறுபேற்றையும் புதிய அடையாள அட்டையையும் எடுத்துவிடப் பாருங்கள்.