நாலில் மூன்றாவது கேள்வி

12 ஏப்ரல் 2015, ஞாயிறு

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையை ஒருவழியாகத் திறந்தேன். 118 பக்கம், 20 கேள்வி. வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி சேவைகளுக்கு லைசென்ஸ் வேண்டுமா, ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு விலை என்று டெலிகாம் கம்பெனிகள் வசூலிக்கலாமா, இப்படிப் போகிறது. முப்பதாவது பக்கத்தில் தூங்கிவிட்டேன். 24-ஆம் தேதிக்குள் பதில் போக வேண்டும் என்பதால் எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று பிரசாரம் செய்யும் ‘சேவ் தி இன்டர்நெட்’ ஆட்கள் தயாராக எழுதி வைத்திருந்ததை எடுத்து, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அனுப்பியதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஒரு வரிகூட என்னுடையது இல்லையே. ஆனால் அதில் 20 கேள்விக்கும் வரிசையாகப் பதில் இருந்தது.

28 ஏப்ரல்

டிராய்க்குப் போன மெயில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நேற்று டிராய் அத்தனையையும் தன் தளத்தில் ஏற்றியது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு! முகவரியை மறைத்திருக்க வேண்டும் என்று சொல்வது நியாயம், நானும் சொல்கிறேன். அப்புறம் தளமே படுத்துவிட்டது, நாங்கள்தான் முடக்கினோம் என்று ஒரு கூட்டம் ட்விட்டரில் பெருமை பேசுகிறது. கம்பெனிகள் என்ன எழுதிக் கொடுத்தன என்று படித்து மறுப்பு அனுப்ப மே 8 வரை நேரம் இருக்கிறது. படிக்க வேண்டிய இடத்தையே பூட்டிவிட்டு எதை வைத்து மறுப்பது?

13 டிசம்பர் 2015, ஞாயிறு

சென்னை வெள்ளம் வடிந்து, முடிச்சூரில் சித்தப்பாவின் ரீசார்ஜ் கடையில் சேறு அள்ளினோம். தண்ணீர் இடுப்பு வரை நின்றதற்கான கோடு சுவரில் அப்படியே இருக்கிறது. ரீசார்ஜ் கார்டெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டது, கத்தியால் பிரிக்கப் பார்த்தார், அட்டையோடு நம்பரும் கிழிந்து வந்தது.

டிராய் நாலு நாள் முன்னால் புது அறிக்கை ஒன்று போட்டிருக்கிறது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். இந்த முறை நாலே கேள்வி. சில தளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ கொடுக்கலாமா என்பதுதான் விஷயம், குறி, அப்படிச் சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் பேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தின் மேல். பிப்ரவரியில் ரிலையன்ஸோடு சேர்ந்து அதை முதலில் இறக்கிய இடங்களில் தமிழ்நாடும் உண்டு (அப்போது இன்டர்நெட்.ஆர்க் என்று பெயர்), சித்தப்பாவே நிறையப் பேருக்கு அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

“ஏம்மா, சும்மா குடுக்கிறதப் போயி வேணாம்னு சொல்ற? வெள்ளத்துல ஃப்ரீயாப் பேச விட்டாங்களே, அதுவும் தப்பா?”

தப்பில்லை சித்தப்பா என்றேன். அதற்கு மேல் சொல்ல வாயில் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான்.

29 டிசம்பர்

நேற்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஜுக்கர்பெர்க் எழுதியிருந்தார். நூலகம், அரசு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மாதிரிதான் ஃப்ரீ பேசிக்ஸும், இதை யார் எதிர்க்க முடியும் என்கிற தோரணை. முழுப்பக்க விளம்பரம் வேறு. பேஸ்புக்கைத் திறந்தால் டிராய்க்கு மெயில் அனுப்பச் சொல்லி ஒரு பொத்தான், அமுக்கினால் ஃப்ரீ பேசிக்ஸுக்கு என் ஆதரவு என்று கடிதம் தானாகப் போகும். சித்தியும் அமுக்கியிருக்கிறார், எதற்கென்று கேட்டால் தெரியாது.

நம் பக்கம் மட்டும் யோக்கியமா என்றால், ஃப்ரீ பேசிக்ஸ் நல்லது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எவ்வளவு வாங்கினாய் என்று பாய்கிறார்கள். எதிர்த்தால் ஏழைகளின் விரோதி, ஆதரித்தால் விலைபோனவன். இதில் எங்கே பேசுவது?

‘சேவ் தி இன்டர்நெட்’ ஆட்களில் ஒருவரான நிகில் பாவாவின் பதில் கட்டுரைதான் படித்ததில் உருப்படி. திட்டாமல் இல்லை, நன்றாகவே திட்டுகிறார். கூடவே ஏர்செல் முதல் மூன்று மாதம் 64 கேபிபிஎஸ் வேகத்தில் முழு இணையத்தையும் இலவசமாகக் கொடுப்பதையும், பங்களாதேஷில் கிராமீன்போன் விளம்பரம் பார்த்தால் டேட்டா கொடுப்பதையும் எடுத்து வைக்கிறார்.

6 ஜனவரி 2016

கடைசித் தேதியை நாளை வரை நீட்டித்ததால் பிழைத்தேன். இந்தத் தடவை சொந்தமாக எழுதினேன், ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது. தளத்துக்குத் தளம் விலை மாற்றலாமா என்ற முதல் கேள்விக்கு ‘கூடாது’ என்று எழுத ஐந்து நிமிடம், அதற்குக் காரணம் எழுத ஒரு மணி நேரம். எந்தத் தளம் இலவசம் என்று கம்பெனி முடிவு செய்தால், புதிதாக வருகிற சின்னத் தளத்துக்கு ஆள் வரமாட்டான், முதல்முறை இணையத்துக்குள் வருகிறவன் அந்த நாலு சுவரையே இணையம் என்று நினைத்துக்கொள்வான். மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். இது வேண்டாம் என்றால், இணையத்தை எல்லோருக்கும் எட்டும் விலையில் கொடுக்க வேறென்ன வழி என்று கேட்கிறார்கள். எத்தனை மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம், என்னிடம் சொந்தமாக ஒரு யோசனைகூட இல்லை. கடைசியில், தளத்தைப் பார்க்காமல் மாதம் இத்தனை எம்பி எல்லோருக்கும் இலவசம் என்று கொடுக்கலாம் என எழுதினேன். நாலாவது கேள்வி ‘வேறு ஏதாவது?’. அதில் சித்தப்பாவின் வெள்ளத்தைச் சேர்த்தேன், ஆபத்துக் காலத்துக்கு விலக்கு வேண்டும் என்று.

20 ஜனவரி

டிராய் பேஸ்புக்குக்கு எழுதிய கடிதம் வெளியே வந்திருக்கிறது. செம காட்டம். கருத்துக் கேட்கிற வேலையை ஆள் திரட்டி நடத்தும் ஓட்டெடுப்பாக மாற்றிவிட்டீர்கள் என்கிறது. ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவாக வந்தவை 18 லட்சத்துக்கு மேல், நாங்கள் கேட்ட நாலு கேள்விக்கு அதில் பதிலே இல்லை என்று டிராய் தலைவர் ஆர்.எஸ். சர்மாவும் சொல்லிவருகிறார். படித்ததும் குஷியாகத்தான் இருந்தது. அப்புறம் ஏப்ரலில் நான் அனுப்பிய மெயில் ஞாபகம் வந்தது. அதில் பதில் இருந்தது, சரி, ஆனால் எழுதியது நானா?

9 பிப்ரவரி

நேற்று ஒழுங்குமுறை வந்துவிட்டது! தளத்தைப் பொறுத்து விலை மாற்றக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். நேராக விலக்குகள் பகுதிக்குப் போனேன். பொது அவசர நிலையில் கட்டணத்தைக் குறைக்கலாம், ஏழு வேலை நாளுக்குள் டிராயிடம் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. என்னால் வந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனாலும் அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

12 பிப்ரவரி

பேஸ்புக் போர்டில் இருக்கும் மார்க் ஆண்ட்ரீசன், டிராயின் தடையைப் பற்றிப் பேசப் போய், காலனிய எதிர்ப்பால்தான் இந்தியா பொருளாதாரத்தில் கெட்டது என்கிற பாணியில் ட்வீட் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, நீக்கி, மன்னிப்பும் கேட்டாயிற்று. ஜுக்கர்பெர்க்கே அது தன் கருத்தில்லை என்று விலகிக்கொண்டார்.

சாயங்காலம் கடைக்குப் போய், டிராய் தடை போட்டதையும் அந்த அவசர விலக்கையும் சித்தப்பாவிடம் சொன்னேன். “நல்லது. அப்போ நெட் பேக் வெல எப்பக் கொறையும்?” என்றார். போனை எடுத்து, மூன்றாவது கேள்விக்கு நான் எழுதியதை வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் ஒரு பையன் பத்து ரூபாய் டாப்அப் கேட்டு வந்துவிட்டான், சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.