கரிசல் மனை: கடைக்கால் எடுக்கும் முன் மண் பார்த்த விதம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில்தான் வருகிறார்கள். அப்போது கரிசல் கடப்பாரைக்கே மசியாது. "பாறை மாதிரி இருக்கு, தைரியமா மாடி எடுக்கலாம்" என்று தரகர் சொல்வதும் அப்போதுதான். ஐப்பசி மழை விழுந்த பிறகு அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. கரிசலில் பலத்தைவிடப் பெரிய சிக்கல், நனைந்தால் உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதும். அதனால் எங்கள் மனையில் எத்தனை அடி ஆழம் வரை மண் அசைகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தோம்.

காகித வேலை அரை நாள்தான். இணையத்தில் கிடைக்கும் 'அ' பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) 'மண் வயனமும் ரகமும்' என்றொரு கட்டம் உண்டு. அது தீர்வைக்காகப் போட்ட வகைப்பாடு, கடைக்காலுக்குப் பயன்படாது. புலப்படத்தில் (மனையின் அளவு வரைபடம்) ஓடையோ கண்மாய்க் கரையோ மனையை ஒட்டி வருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

அடுத்தது குழி. வீடு வரப்போகும் இடத்துக்கு வெளியே தோண்ட வேண்டும். திரும்ப மூடிய மண் பழையபடி இறுகாது. 2 மீட்டர் ஆழம் எடுத்தோம். இடுப்புக்கு மேல் போனால் முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மண்ணை மேலே எடுத்துப் பார்த்தாலே போதும். கட்டியைப் பிளந்தால் மெழுகு தேய்த்ததுபோல் பளபளக்கும் முகம் தெரிகிறதா? அங்கே மண் உப்பிச் சுருங்கி ஒன்றோடொன்று உரசியிருக்கிறது. வெடிப்பில் மெல்லிய கம்பியை விட்டு எவ்வளவு இறங்குகிறது என்றும் அளக்கலாம். மண்ணுக்குள் சிதறிக் கிடக்கும் வெள்ளைச் சுக்கான் (சுண்ணாம்பு) கற்களைப் பார்த்து 'சுக்கான் பாறை வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ச்சியான படுகை வேறு, கரிசலில் கலந்த கல் வேறு.

பிறகு ஒரு எளிய சோதனை. காயவைத்துப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவு ஜாடிகளில். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர். காற்றுக் குமிழி போகக் கிளறி, 24 மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. அதில் 12 மில்லியும் தண்ணீரில் 22 மில்லியும் நின்றால், கூடுதல் 10-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 83 சதவீதம். இதுதான் உப்பும் குறியீடு. 50-ஐத் தாண்டினாலே சாதாரண அகலக் கடைக்காலை மறந்துவிடலாம்.

சோதனைக்கூட அறிக்கையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போர் போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மண்ணுக்குள் இறக்கும் குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். கோடையில் காய்ந்த கரிசலில் இந்த எண் தாராளமாக வரும். அறிக்கையில் தாங்குதிறனும் நன்றாகவே இருக்கும். அந்த ஒற்றை எண்ணோடு வரும் அறிக்கையை வாங்காதீர்கள். உப்பும் குறியீடு, திரவ எல்லை (எவ்வளவு ஈரத்தில் மண் குழைந்து ஓடும்), சுருக்க எல்லை (எவ்வளவு ஈரத்துக்குக் கீழே மேலும் சுருங்காது), உப்பும் அழுத்தம் (உப்பும்போது மேலே தள்ளும் விசை) நான்கையும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவை. எடை குறைவு என்பதால் மண் அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், மழைக்காலத்தில் கதவு சிக்கும்.

எங்கள் மண்ணுக்கு வந்த தீர்வு அண்டர் ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண். தண்டு 30 செ.மீ., அடியில் குமிழ் அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 75 செ.மீ. ஆழம் 3.5 மீட்டர், மண் அசையும் பகுதியைத் தாண்டி. குமிழ் சரியாக வெட்டப்பட்டதா என்று மேலிருந்து பார்க்க முடியாது, கான்கிரீட் அளவுதான் சாட்சி. தண்டுக்கு மட்டுமே சுமார் 9 கன அடி பிடிக்கும். அதோடு நின்றுவிட்டால் அடியில் குமிழே இல்லை. வெட்டிய குழியை ராத்திரி விட்டுவைக்காமல் அன்றே கான்கிரீட் போட வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்த மண் அடியில் படுத்துக்கொள்ளும்.

பிளிந்த் பீமுக்கும் (பைல்களின் மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) மண்ணுக்கும் நடுவே சுமார் 8 செ.மீ. இடைவெளி விட வேண்டும். மண் உப்பினால் பீமை முட்டாமல் இருக்கத்தான் அது. நல்ல மனதோடு கொத்தனார் அதைக் கலவை வைத்து அடைப்பார். பக்கத்தில் நின்று தடுக்கவும்.

தரைக்கு அடியில் மணல் நிரப்புவது இங்கே வழக்கம், இங்கே தப்பும் அதுதான். மணல் தண்ணீரைத் தேக்கிக் கரிசலுக்கு ஊட்டும். மேல்கரிசலை அகற்றி, உப்பாத கிராவல் மண்ணைச் சுமார் 1 மீட்டருக்கு, 20 செ.மீ. அடுக்குகளாக நனைத்து இடித்தோம்.

தோட்டத்தைச் சுவரிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தினமும் தண்ணீர் பாய்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் வீடு எழும்பும். சுற்றிலும் 1.5 மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்த சிமென்ட் தளம், அதைத் தாண்டிச் செடி, இன்னும் தள்ளி வேம்பு, கடைசியில் உறிஞ்சுகுழி. குளியலறைக் குழாய் இணைப்புகளைப் பூசி மூடும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்த்துவிடுங்கள்.