மெஷின் பூஜ்யம் காட்டிய பிறகும் ஆடும் ஸ்டீயரிங்

"அண்ணே, தொண்ணூறு தாண்டினா ஸ்டீயரிங் உதறுது. மூணு தடவ பேலன்சிங் பண்ணியாச்சு, சரியாகல."

ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி கேட்கும் புகார் இது. இப்படி வரும் வண்டிக்கு நாலாவது தடவை பேலன்சிங் போடுவதைப் போல வீண்வேலை வேறில்லை. சாதாரண பேலன்சிங் மெஷினுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: சுற்றும்போது எந்தப் பக்கம் எடை கூடுதல், எத்தனை கிராம். டயர் வட்டமாக இருக்கிறதா, ரிம் அடிவாங்கிக் கோணியிருக்கிறதா, காரின் ஹப்பில், அதாவது வீல் மாட்டும் சுழலும் தட்டில், வீல் நேராக உட்காருமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. திரையில் பூஜ்யம் வந்தால் மெஷின் மேல் அந்த வீல் சரி என்று மட்டுமே அர்த்தம்.

அலைன்மென்ட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். உதறல் என்று வந்த வண்டிக்கு அலைன்மென்ட் பில் போடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே வெளியே திரும்பியிருப்பது), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருப்பது) கோணங்கள் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஸ்டீயரிங் உதறுவதற்கு அது நேரடிக் காரணம் ஆகாது. தவறான அலைன்மென்ட்டிலேயே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானம் உதறலைக் கொடுக்கும். அப்போதும் மாற்ற வேண்டியது டயரைத்தான்.

80-லிருந்து 110-க்குள் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.9 மீட்டர் உருளும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14, 15 சுற்று. சஸ்பென்ஷனின் கீழ்ப்பகுதி, அதாவது வீலும் ஹப்பும் ஆர்மும் சேர்ந்த தொகுதி, இயல்பாகவே நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து முறை துள்ளக்கூடியது. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும். இதோடு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 15 இஞ்ச் ரிம்மின் விளிம்பில் 20 கிராம் எடை கூடியிருந்தால் 50 கி.மீ. வேகத்தில் அது கொடுக்கும் இழுப்பு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல்; 100-ல் மூன்று கிலோவைத் தாண்டும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லயே சார்" என்பவர் பொய் சொல்லவில்லை, அந்த வேகத்தில் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

ஆகவே முதல் வேலை ரோட்டில்தான், ஜாக்கி போடுவதற்கு முன்பே. புகார் கொடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லது. அவர் சொல்லும் ஆட்டமும் நமக்குத் தெரியும் ஆட்டமும் ஒன்றுதானா என்று அப்போதுதான் உறுதியாகும். நாலு டயரிலும் குளிர்ந்த நிலையில் கம்பெனி சொன்ன காற்று இருக்க வேண்டும். நல்ல தார் ரோடு வேண்டும். சிமென்ட் ரோட்டின் இணைப்புகள் கொடுக்கும் தட்டல் சோதனையையே குழப்பிவிடும்.

ரோட்டில் கவனிக்க வேண்டியதைக் கையும் முதுகும் பிரித்துச் சொல்லும். ஸ்டீயரிங் இடம் வலமாக உதறினால் பெரும்பாலும் முன் வீல். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் வீல், அல்லது பவர் போகும் பாதையில் ஏதோ ஒன்று. அடுத்து அதே வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்க வேண்டும். 90-ல் அஞ்சாவது கியரில் இருக்கும் ஆட்டம் நாலாவதிலும் அப்படியே இருந்தால் எஞ்சின் தப்பித்தது. எஞ்சின் சுற்று மாறியும் ஆட்டம் மாறவில்லையே. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வந்து காலை எடுத்ததும் போனால் ஆக்சிலின் உள் ஜாயின்ட்டையோ எஞ்சின் மவுண்டிங்கையோ சந்தேகிக்கலாம். பிரேக் தொட்டால் மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க். அங்கே வீலைக் கழற்றி பேலன்ஸ் பார்ப்பது நேர விரயம்.

எத்தனை நிமிடம் கழித்து வருகிறது என்ற கேள்வியை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை. வாரக்கணக்கில் நின்ற வண்டி கிளம்பியதும் உதறி, 15, 20 நிமிட ஓட்டத்தில் சரியானால் டயர் தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருக்கிறது. சூடேறினால் பெரும்பாலும் திரும்பிவிடும். இதற்கு நேரெதிராக, கிளம்பும்போது சுகமாக இருந்து அரைமணி ஓடிய பிறகு ஆரம்பித்தால் கேலிப்பரின், அதாவது பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகத்தின், வழுக்கு ஊசி (பின்) இறுகி பேட் டிஸ்க்கை விடாமல் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் நாலு வீல் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால் போதும், தொடத் தேவையில்லை. ஒன்று மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அதுவே.

உணர்ச்சியில் குழப்பம் இருந்தால் கைப்பேசி உதவும். அதிர்வின் அலைவெண்ணைக் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சீட்டின் அடிச்சட்டத்திலோ டேஷ்போர்டிலோ போனை அசையாமல் ஒட்டிவைத்து, ஜிபிஎஸ் வேகம் பார்த்து ஓட்ட வேண்டும். கார் மீட்டர் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அளவுகளைக் குறிப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. மேலே சொன்ன டயரில் 100-ல் 14, 15 ஹெர்ட்ஸில் முள் நிமிர்ந்தால் வீல் சுற்றுக்கு ஒரு முறை அடிக்கிறது: எடைக் குறை, ரிம் கோணல், மையம் விலகல் இவற்றில் ஒன்று. அதன் இரட்டிப்பான 29 வாக்கில் வந்தால் டயர் நீள்வட்டமாகியிருக்கக்கூடும். 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினின் முக்கிய அதிர்வு 100 ஹெர்ட்ஸில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. வேறு அளவு டயரானால் சாக்கட்டியால் டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஒரு சுற்று தள்ளி, டேப் வைத்து அளந்துகொள்ளலாம்.

வீல் சம்பந்தப்பட்டது என்று முடிவானால் மிக மலிவான சோதனை முன் வீல்களைப் பின்னுக்கும் பின் வீல்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டுவது. ஆட்டம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு நகர்ந்தால் குறை வீலோடு சேர்ந்து போயிருக்கிறது. ஸ்டீயரிங்கிலேயே நின்றால் வீல் நிரபராதி, ஹப்பிலும் சஸ்பென்ஷனிலும் தேட வேண்டும். அரை மணி நேர வேலை.

கழற்றிய வீலை மெஷினில் ஏற்றுமுன் கண்ணால் பார்க்க வேண்டியவை உண்டு. மழைக்காலத்தில் ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து கட்டியாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் பேலன்ஸ் பண்ணினால் சேறு உதிர்ந்த அன்றே உதறல் திரும்பும். பழைய ஒட்டு எடை விழுந்த இடத்தில் பசைத் தடம் தெரியும். பஞ்சர் ஆகாது என்று சொல்லி டயருக்குள் ஊற்றுகிற திரவம் இன்னொரு தலைவலி. வண்டி நின்றால் அது அடியில் தேங்கும். கிளம்பியதும் எங்கே எவ்வளவு பரவும் என்று யாருக்கும் தெரியாது. மெஷின் ஒவ்வொரு சுழற்றலுக்கும் வேறு எண் காட்டினால் முதலில் டயரைக் கழற்றி உள்ளே பாருங்கள். துடைத்து எடுக்காமல் அந்த வீலுக்கு விமோசனம் இல்லை.

பிறகு கையால் தடவிப் பார்ப்பது. பக்கவாட்டில் கொப்புளம் போல் புடைத்திருந்தால் உள் இழை அறுந்திருக்கிறது, பள்ளத்தில் அடிவாங்கிய டயர். ஓடுபரப்பில் ஒரு இடம் மேடாகத் தெரிந்து, 30, 40 கி.மீ. வேகத்திலேயே வண்டி அன்னநடை போட்டால் உள்ளே எஃகு பெல்ட் பிரிகிறது. இதில் பேலன்ஸ் பேச்சுக்கே இடமில்லை, ஹைவேயில் வெடிக்கும் டயர் அது. ஸ்டெப்னியைப் போட்டு மெதுவாக அனுப்ப வேண்டும். டயரின் பக்கவாட்டில் அது தயாரான நாலு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஸ்டெப்னியிலும் அதைப் பார்க்காமல் மாட்டக்கூடாது.

இனி மெஷின். அதில் தவறு நடப்பது பெரும்பாலும் வீலை மாட்டும் விதத்தில். வீலை மெஷினில் மையப்படுத்தும் கூம்பான கோன் ரிம்மின் மையத் துளையில் சரியாக உட்காராமல் 0.3 மி.மீ. விலகினால் என்ன ஆகும்? டயரோடு சேர்ந்து 16 கிலோ இருக்கும் வீலுக்கு அந்த விலகல் 15 இஞ்ச் ரிம் விளிம்பில் 25 கிராம் ஒட்டியதற்குச் சமம். மெஷின் அந்த இல்லாத குறைக்கும் எடை கேட்கும், நாமும் பணிவாக ஒட்டிவிடுவோம். இதைப் பிடிக்க ஒரு வழி: பூஜ்யம் வந்ததும் நட்டைத் தளர்த்தி, ஷாஃப்ட் நகராமல் வீலை மட்டும் பாதிச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்ற வேண்டும். 5, 10 கிராமுக்குள் காட்டினால் நம்பலாம். 20-க்கு மேல் போனால் பேலன்ஸ் பொய். கோன், துளையின் ஓரத்துத் துரு, மெஷினின் ஷாஃப்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் மிகக் குறைவு, தானாகச் செய்யும் கடை அதைவிடக் குறைவு. மெஷினிலிருந்து ரிம் இருக்கும் தூரம், ரிம்மின் விட்டம், அகலம் மூன்றையும் அந்தந்த வீலுக்கு அளந்து கொடுக்காமல் முன்னால் போன வண்டியின் எண்ணிலேயே ஓட்டுவதும் நடக்கிறது.

எடை சரியாகியும் ஆட்டம் போகாவிட்டால் வட்டம் பார்க்க வேண்டும். கோழிமுட்டைக்கும் இரண்டு பக்கம் எடை ஒட்டி பேலன்ஸ் பண்ணிவிடலாம். உருட்டினால் குதிக்கத்தான் செய்யும். மெஷினிலேயே வீலை மெதுவாகச் சுற்றி, ஓடுபரப்பின் நடுவில் டயல் கேஜின் (மி.மீ.-க்கும் குறைந்த மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் கருவி) உருளை முனையை வைத்து முள்ளின் போக்கைப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம், ஒன்றரையைத் தாண்டினால் அதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு ரிம்மைத் தனியே, டயர் உட்காரும் உள் விளிம்பில் அளக்க வேண்டும். அலாய்க்கு அனுமதி இதைவிடக் குறைவு. அந்தந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருக்கும். ரிம்மின் மேடும் டயரின் மேடும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் காற்றை இறக்கி, டயரை ரிம்மில் பாதிச் சுற்றுத் திருப்பினாலே பாதிக் குறை போய்விடும். புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது டயர் அதிகம் அழுத்தும் இடம், ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேராக வர வேண்டும். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக. இரண்டும் இருந்தால் சிவப்புக்கே முதலிடம்.

வீல் எல்லா விதத்திலும் சரி, ஆனாலும் காரில் ஏறினால் ஆடுகிறது என்றால் ஹப்பின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் 0.3 மி.மீ. துருச் செதில் ஒன்று மாட்டினால் ரிம் விளிம்பில் அது 0.8 மி.மீ. கோணலாகும். கம்பி பிரஷ் போட்டு, ஸ்டட்களின் (நட்டு மாட்டும் திருகாணிகள்) அடிவரை தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை எல்லா நட்டும் போட்டு இறுக்கி, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 0.05 மி.மீ. அளவில் நிற்பது நல்ல அறிகுறி. அதிகம் வந்தால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க், நகராமல் நின்றால் ஹப்.

வெளியில் வாங்கிய அலாய் போட்ட வண்டிகளில் மையத் துளையைக் கவனிக்காமல் விடக்கூடாது. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மி.மீ. துளையோடு வரும் ரிம்கள் நிறைய. பல சிறு கார்களின் ஹப் 54.1 மி.மீ. நடுவில் வளையம் இல்லாமல் மாட்டினால் வீலை மையத்தில் நிறுத்துவது நட்டுகள் மட்டுமே. இதில் இம்பாக்ட் கன்னால் ஒரே நட்டை முதலில் அடித்து இறுக்கினால் வீல் ஒரு பக்கம் ஒதுங்கியே இருக்கும். வீல் தரையில் படாமல் தொங்கும்போதே நட்டுகளைக் கையால் எதிரெதிராக நிரவி, பிறகு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டும். சிறு கார்களில் பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டர்.

லோயர் ஆர்ம் புஷ் (கீழ் ஆர்மின் ரப்பர் தாங்கி), பால் ஜாயின்ட் (ஆர்மையும் ஹப்பையும் இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராட் (ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் கம்பி) இவை தாமாக உதறலை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். 10 கிராம் குறையை நல்ல புஷ் விழுங்கிவிடும், கிழிந்த புஷ் ஸ்டீயரிங்குக்கு அனுப்பிவிடும். தூக்கிய வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் லூஸ் பேரிங்கிலோ பால் ஜாயின்ட்டிலோ இருக்கும், இடமும் வலமும் பிடித்தால் வருவது பெரும்பாலும் டை ராட்.

பின் வீல் ஓட்டும் பெரிய வண்டிகளில் கணக்கு வேறு. பவரைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீள உருளையான புரொப்பல்லர் ஷாஃப்ட் வீலைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் 100-ல் நொடிக்கு 50 சுற்று வாக்கில் வரும். அதன் அதிர்வு உதறலாகத் தெரியாமல் தரையில் ரீங்காரமாகத் தெரியும். அந்த ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டான கிராஸை மாற்றக் கழற்றும்போது இரு முனையிலும் சேரும் பாகங்களிலும் பெயின்ட் குறி போடாமல் எடுத்து, பல் மாற்றிச் சொருகிவிட்டால் நன்றாக இருந்த வண்டியே ரீங்காரத்தோடு திரும்பி வரும்.

எதைச் சரிசெய்தாலும் அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஜாப் கார்டில் எந்த வீல் எந்த மூலையில் இருந்தது, எத்தனை கிராம் ஒட்டியது, டயல் கேஜ் எவ்வளவு காட்டியது என்று எழுதிவைக்க வேண்டும். வீல் கழற்றிய வண்டி 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒரு முறை டார்க் ரெஞ்சில் சரிபார்க்கச் சொல்லி அனுப்பவும்.